பெயர் கேட்கச் சொன்னவர்

“அந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது, சேர்?”

சென்ற வருடம் உப்புவெளியில் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் ஊடகச் செயலமர்வில், முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், மூதூரில் இருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டது இதைத்தான். நான் அந்தச் செயலமர்வின் வளவாளர், அதாவது பயிற்சி கொடுப்பவன். திருகோணமலையில் இருந்து கொழும்புப் பத்திரிகைகளுக்கு இருபத்தைந்து வருடம் பிராந்திய நிருபராக எழுதியவன் என்ற தகுதியில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்ட பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். அவளுக்கு நான் சொன்ன பதில் ஒரே சொல்: “அனுபவம்.” மண்டபத்தில் தலைகள் ஆடின. எல்லோரும் சாப்பிடப் போனோம். அந்தச் சொல் மட்டும் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

அவள் கேட்டது நான் அன்று காலை சொல்லி முடித்த ஒரு கதையைப் பற்றி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்ற பௌர்ணமி நாள். சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு நான் திருகோணமலைக்குப் பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் போனேன். அப்போது பாலம் கிடையாது. ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையான படகுப் பாதையும் ஓடவில்லை. தம்பலகாமம் பக்கமாகச் சுற்றித்தான் போக முடிந்தது. கரையோரத்தில் இருந்த வைத்தியசாலையையும் கடல் அடித்திருந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள். நான் எந்த எண்ணையும் அனுப்ப மறுத்து, பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய்ப் பெயர்களைக் கேட்டு எழுதினேன். “பெயர் இல்லாத எண்ணை அனுப்ப மாட்டேன்” என்று ஆசிரிய பீடத்துக்குச் சொன்னேன். இதுதான் கதை. பத்து வருடத்துக்கு மேலாக, எத்தனையோ செயலமர்வுகளில் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது நன்றாக வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் தானாகப் பழகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தபோது தான் அப்போதுதான் ஒரு செய்திப் பக்கத்தில் சேர்ந்திருந்ததாகச் சொன்னாள். பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தண்ணீரில் போன காலை. அவளுடைய வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று விதமான எண்ணிக்கை வந்ததாம். “நான் கூடின எண்ணைப் போட்டன் சேர். பிறகு அழிச்சன். அண்டைக்கு எனக்கு யாரும் பெயரைக் கேள் எண்டு சொல்லித் தரல்ல. அதுதான் கேட்டன், உங்களுக்கு எப்படி வந்தது எண்டு.” அவள் என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. அடுத்த முறை தனக்கும் அந்த யோசனை வர வேண்டும், அது வரும் வழி தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். அனுபவம் என்று சொன்னது அவளுக்கு எந்த வகையிலும் உதவாது. உனக்கும் என் வயது வரட்டும் என்று சொன்னதற்குச் சமம் அது.

வளவாளர் மேசை

எங்கள் மாவட்டத்தில் ஊடகச் செயலமர்வுகள் புதிதல்ல. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஒரு அலை வந்தது, கடல் அடித்த பிறகு அதைவிடப் பெரிய அலை. சமாதான ஊடகவியல், மோதல் உணர்திறன், பால்நிலை, பேரிடர், தேர்தல், பிறகு தகவல் அறியும் உரிமை, இப்போது போலிச் செய்தி என்று தலைப்புகள் மாறிக்கொண்டே வந்தன. பங்குபற்றுநராக இருந்த காலத்தில் நான் வாங்கிய சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றை நான் குறைவாக நினைக்கவில்லை. பத்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கி எழுதுகிற பிராந்திய நிருபருக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுப்பதில்லை. அனுப்பியது பிரசுரமானால் சரி, ஆகாவிட்டால் ஏன் என்று தெரியாது. அந்த இரண்டு நாள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம்.

ஆனால் அத்தனையிலும் இன்றைக்கும் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. கொழும்பில் இருந்து ஒரு வயதான செய்தி ஆசிரியர் வந்திருந்தார். பவர்பொயின்ட் இல்லை, கையேடு இல்லை. நாங்கள் அந்த மாதம் அனுப்பிய செய்திகளின் மூலப் பிரதிகளை அலுவலகத்தில் தேடியெடுத்துக் கட்டாகக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருத்தி, எங்கள் பிரதியில் எங்கள் கண்முன்னால் சிவப்புப் பேனையால் வெட்டினார். வெட்டும்போது வாயால் காரணம் சொன்னார். “இதை யார் சொன்னது? பொலிஸா? அப்ப பொலிஸ் சொன்னது எண்டு எழுது. நீ கண்டியா? கண்டா கண்டதை எழுது.” இரண்டு நாளில் அவர் தன்னைப் பற்றி ஒரு கதைகூடச் சொல்லவில்லை. ஐம்பது வருடத்துக்குக் கிட்டத் தொழில் பார்த்தவர், சொல்ல எத்தனை இருந்திருக்கும்.

நான் வளவாளரானபோது அவரைப் போல வரவில்லை. கதை சொல்லும் வளவாளராக வந்தேன். அது இலகு. பங்குபற்றுநர்களுக்கும் பிடிக்கும். மாலையில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் “அனுபவப் பகிர்வு மிக நன்று” என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு எனக்குத் தரும் கொடுப்பனவு, நான் நிருபராக மூன்று மாதம் எழுதிப் பெற்றதை விட அதிகம். அந்தக் காசை வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளைக்கு “அனுபவம்” என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

பெட்டியில் இருந்த புத்தகம்

என் குறிப்புப் புத்தகங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. சிலதை 2006, 2007 காலத்தில் பயத்தில் நானே எரித்தேன். மிஞ்சியவை ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு எழுந்து அந்தப் பெட்டியைத் திறந்தேன். 2004 டிசம்பர் புத்தகம் இருந்தது. நீல மை, ஓரங்களில் தண்ணீர்க் கறை.

26ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது. வட்டம் போட்டு, பக்கத்தில் “பொலிஸ், கடையடியில்” என்று எழுதியிருந்தேன். கீழே, “6.40 பெக்ஸ் அனுப்பியது.” அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை, அது பிழையான எண். எந்த எண்ணையும் அனுப்ப மறுத்தேன் என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவன், அன்று மாலையே பிரதான வீதிக் கொமினிக்கேஷன் கடையில் நின்று அதை அனுப்பியிருக்கிறேன்.

27ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு கிராம உத்தியோகத்தரின் பெயர். அதற்குக் கீழே அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: “நம்பர் கேட்காதீங்க தம்பி. பேர் கேளுங்க. ஒரு ஜனாஸாவ மூணு இடத்துல எண்ணுறாங்க.” அந்த வரியைப் படித்ததும் அந்த மனிதரின் முகம் வந்துவிட்டது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். கிண்ணியாவில் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, வைத்திருக்க மாட்டார்கள், அன்றன்றே மையவாடி என்ற அடக்கத்தலத்துக்குக் கொண்டுபோய் அடக்கிவிடுவார்கள். வைத்தியசாலை வழியாகப் போனது, பள்ளிவாசல் வழியாகப் போனது, வீட்டிலிருந்து நேரே போனது என்று மூன்று வழி. மூன்று இடத்திலும் கணக்குச் சொல்ல ஆள் இருந்தது. ஒரே பிள்ளையை மூன்று பேரும் எண்ணியிருப்பார்கள். தம்பலகாமத்தில் சொந்தக்காரர் வீட்டில் உயிரோடு இருந்தவர்களையும் காணவில்லை என்று எண்ணியிருப்பார்கள். பெயரை எழுதினால் மட்டும்தான் இரட்டிப்பு தெரியும். இந்த விளக்கம் முழுவதும் அவருடையது. அவர் தந்த பட்டியல் ஒன்றும், நாலாக மடித்த ஒற்றைத் தாள், புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து.

28ஆம் தேதி நான் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். அது உள்பக்கத்தில் நாலு வரியாக வந்த நறுக்கும் ஒட்டியிருக்கிறது. முதல் எண் வந்தது முதற் பக்கத்தில்.

நான் பொய் சொன்னேனா என்று அன்று முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டேன். வேண்டுமென்று ஒரு வரிகூட மாற்றியதாக எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. இரண்டு நாள் ஒரு நாளாகியிருக்கிறது. இரண்டு ஆள் ஒரு ஆளாகியிருக்கிறது. அந்த ஒரு ஆள் எப்போதும் சொல்பவனாகத்தான் இருக்கிறான். சுருங்கும்போது வெளியே விழுந்தது என் பிழையும் அந்தக் கிராம உத்தியோகத்தரும். அதாவது, அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட இரண்டும்.

இது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் மாலைச் செய்தி வழங்கிய பிரையன் வில்லியம்ஸ், 2003 இல் ஈராக்கில் தான் போன ஹெலிகொப்டர் சுடப்பட்டதாகச் சொல்லி வந்தார். சுடப்பட்டது வேறொரு ஹெலிகொப்டர். 2015 இல் அங்கே இருந்த படையினரே அதை மறுத்தார்கள்; நிறுவனம் அவரை ஆறு மாதம் சம்பளமில்லாமல் இடைநிறுத்தியது. 2003 இல் அவர் முதலில் சொன்ன செய்தியில் தங்களுக்கு முன்னால் போன ஹெலிகொப்டர்தான் அடிபட்டது என்று இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அது அவருடைய ஹெலிகொப்டராகிவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் நானும் அவரைக் குறை சொன்னவன். பெட்டியைத் திறந்த காலையில் அந்த மனிதரை எனக்கு விளங்கியது.

பிபிசியிலும் ஒரு விஷயம் நடந்தது. 2003 மே மாதம் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஒரு செய்தியாளர் அதிகாலை வானொலியில் நேரலையாகச் சொன்ன சில வசனங்கள் பிரித்தானிய நீதிபதி ஹட்டன் பிரபு நடத்திய விசாரணை வரை போயின. அந்த விசாரணையில் அவர் எடுத்திருந்த குறிப்புகளே பெரிய கேள்வியாயின. அதன் பிறகு 2004 இல் பிபிசியின் முன்னாள் செய்திப் பணிப்பாளர் ரொன் நீல் தலைமையில் வந்த அறிக்கை, அனுபவசாலிகள் உட்பட எல்லோரும் ஒழுங்காகக் குறிப்பெடுக்கப் பழக வேண்டும் என்பதையும், நிறுவனத்துக்குள் ஒரு இதழியல் கல்லூரி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. மறு வருடம் அந்தக் கல்லூரி வந்தது. நம்மிடம் இலங்கை இதழியல் கல்லூரி கொழும்பில் தொடங்கியதும் அதே 2004 இல்தான். தொழில் தெரிந்தவர்களே தொழிலைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்று. நானும் அதை முழுதாக நம்புகிறேன். பல்கலைக்கழகம் தருவது வேறு. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்பதை, பேசிய ஒருவர்தான் சொல்லித் தர முடியும். அப்படிச் சொல்லித் தருபவர், தான் பேசியதைச் சரியாக வைத்திருக்க வேண்டும். நிருபர் எழுதும் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்க ஆசிரிய பீடம் இருக்கிறது. வளவாளர் சொல்லும் கதையைக் கேள்வி கேட்க அந்த மண்டபத்தில் யார் இருக்கிறார்? சுனாமி வந்தபோது அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மூன்று வயதுகூட இல்லை.

சொல்லாமல் போனவர்

இதை எழுதும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2006 ஜனவரி 2 மாலை எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சவச்சாலையில் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் தேதி காலை அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இன்று இருந்திருந்தால் அவரும் வளவாளர் மேசைக்கு வந்திருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்குப் பதிலாக நாங்கள் சொல்லவும் கூடாது. செயலமர்வுகளில் அவரைப் பற்றிப் பேசும்போது அவர் துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறோம், நானும் அப்படித்தான் பேசி வந்தேன். இப்போது வேறொன்றைச் சொல்கிறேன். ஒரு விளக்கம் வந்தது, அதை எழுதிக்கொண்டு திரும்பாமல், அந்த விளக்கம் சரியா என்று பார்க்கக்கூடிய இடம் எது என்று யோசித்து அங்கே போனார். போய், காயம் தெரியும்படி எடுத்தார். அந்தப் படங்கள் இருக்கின்றன. இத்தனை வருடம் கழித்தும் அவற்றில் யாரும் ஒன்றைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

புத்தகத்தோடு போனது

உப்புவெளி இரண்டாம் நாள் நான் செய்தது, பிந்திப் போனதுதான். முதல் நாள் சொன்ன கதை பிழை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே தகவல் அறியும் உரிமைச் சட்டம் படிப்பித்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறை, தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அங்கே இருந்த ஒரு தம்பி அதுவரை மூன்று விண்ணப்பம் போட்டிருந்தார், நான் ஒன்று. அவர் தன் பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தை யாரிடம் கொடுத்தார், பற்றுச்சீட்டு தர மறுத்தபோது என்ன செய்தார் என்று சொன்ன பதினைந்து நிமிடம் என் ஒரு மணித்தியாலத்தை விடப் பெறுமதியானது.

மூன்று மாதத்துக்குப் பிறகு நகரத்தில் அடுத்த செயலமர்வு. அந்தப் பிள்ளை வருகிறாளா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். வந்தாள். நான் புத்தகத்தின் மூன்று நாள் பக்கங்களையும், முதற் பக்கச் செய்தியையும், நாலு வரித் திருத்தத்தையும், பட்டியலையும் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். பட்டியலில் பெயர்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துத்தான் பிரதி எடுத்தேன். அந்தப் பெயர்கள் பயிற்சிக்காக எழுதப்பட்டவை அல்ல. கதையை நான் சொல்லவில்லை. “இதை வைத்து என்ன நடந்தது எண்டு நீங்களே எழுதுங்கோ. ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் அது எந்தத் தாளில் இருந்து வந்தது, யார் சொன்னது எண்டு போடுங்கோ” என்றேன். ஒன்றரை மணித்தியாலம் மண்டபத்தில் சத்தமில்லை. பிறகு என் கதையை, நான் பத்து வருடம் சொன்ன மாதிரியே, ஒரு முறை சொன்னேன். எங்கெங்கே பக்கத்தில் போட ஒன்றும் இல்லை என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் கை உயர்த்தினார்கள். அது வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டே இருந்தாள். தன் குறிஞ்சாக்கேணிச் செய்தியையும் அப்படியே செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். அன்று அவள் போட்ட ஆறு வசனத்தில் நாலுக்குப் பக்கத்தில் போட அவளிடம் ஆளில்லை. அந்த நாலையும் யாரிடம் கேட்டிருக்கலாம் என்று மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள்: பாடசாலை அதிபர், வைத்தியசாலையின் அனுமதிப் பதிவேடு, அந்த ஒழுங்கையின் பள்ளிவாசல் தலைவர். அடுத்த முறை அவள் யாருக்கு முதலில் கோல் எடுக்க வேண்டும் என்பது அவள் கையில் எழுத்தில் இருந்தது.

முடிகிற நேரத்தில் குச்சவெளிப் பக்கத்துப் பையன் ஒருவன் பட்டியலைத் தூக்கிக் காட்டினான். “சேர், இது ஜீஎஸ் எழுதினதா? அடியில உள்ள கையெழுத்து வேற கை, மேல எழுதினது வேற கை.”

ஜீஎஸ் என்று அவன் சொன்னது கிராம உத்தியோகத்தரை. இருபது வருடமாக என்னிடம் இருந்த தாள். நான் அதைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மறைக்காமல் விட்ட வீட்டு இலக்கங்களும் உறவு முறைகளும் சாய்வில்லாத, உருண்டையான எழுத்தில் இருந்தன. கையெழுத்து மட்டும் அவசரமான சாய்வு.

கிண்ணியாவில்

அடுத்த ஞாயிறு கிண்ணியாவுக்குப் போனேன். இப்போது பாலத்தால் நேரே போகலாம். அந்தக் கிராம உத்தியோகத்தர் ஓய்வு பெற்றுக் கன காலம். வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று கடையில் கேட்க வேண்டியிருந்தது. காது கொஞ்சம் மந்தம். என்னை ஞாபகம் இல்லை என்றார், நிருபர்கள் நிறையப் பேர் வந்தார்கள் என்றார். புத்தகத்தைத் திறந்து அவர் சொன்ன வரியைச் சத்தமாக வாசித்தேன்.

“நான் சொன்னதா அது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நல்ல பேச்சுத்தான்” என்றார்.

பட்டியலை விரித்துக் காட்டினேன். கையெழுத்தைத் தொட்டுப் பார்த்து, “இது என்ட” என்றார். மேலே பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார், தட்டை வைத்துவிட்டுத் தாளைக் கையில் வாங்கினார். வாசிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினார்.

“இது நான் எழுதின, தம்பி. அவருக்கு அண்டைக்கு எழுத ஏலாது. அவர்ர தம்பி மவுத்து. இந்தா, ஆறாவது பேரு.”

நான் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்த பெயர்களில் ஒன்று. அந்த மனிதர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பெயர் கேட்கச் சொன்னபோது, சொந்தத் தம்பியை அடக்கி ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. நான் அதைக் கேட்கவில்லை. என் குறிப்பில் அது இல்லை.

அவர் மனைவி, அந்த ராத்தா, சொல்லிக்கொண்டு போனார். ஒழுங்கை ஒழுங்கையாக, ஒரு கரையில் இருந்து மறு கரை வரை, எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூரில் கட்டிக் கொடுத்தவள், யார் அன்று விருந்துக்கு வந்திருந்தவர் என்று மனதில் வைத்து எழுதினாராம். சந்தேகம் உள்ள வீட்டுக்கு மகனை ஓட விட்டுக் கேட்டாராம். கணவர் கையெழுத்து மட்டும் போட்டார். “எந்த வீட்டுல எத்தன சட்டி எண்டு ஜீஎஸ்ஸ விட எங்களுக்குத்தானே தெரியும்.” நான் அதையெல்லாம் புதிய புத்தகத்தில் எழுதினேன். தேதி போட்டேன். பக்கத்தில் யார் சொன்னது என்றும் போட்டேன்.

இதை எழுதலாமா, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா என்று புறப்படும்போது கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு வாசல் வரை வந்து, எங்கட பேர் போட வேணாம் தம்பி, என்றார். சரி என்றேன். மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

“பேர் வேணாம். எழுதினது ஒரு பொம்பள எண்டு மட்டும் போடுங்க.”